‘எச்சம் கண்டறியப்படவில்லை’: மரக்கறி ஆய்வு அறிக்கையை வாசிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ‘நஞ்சற்ற மரக்கறி’ என்ற பலகையைத் தொங்கவிட்ட கடைகள் அதிகரித்துவருகின்றன. சில கடைகளின் சுவரில் ஆய்வுகூட அறிக்கையொன்றின் பிரதியும் ஒட்டப்பட்டிருக்கும். மரக்கறிகளில் தங்கும் பீடைகொல்லி எச்சங்களை அளக்கும் ஆய்வுகூடமொன்றில் சில ஆண்டுகள் வேலைசெய்தவன் என்பதால், தெரிந்தவர்கள் அந்தக் கடதாசியைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, “இதை நம்பலாமோ?” என்று கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அந்த ஆய்வில் எதைத் தேடினார்கள்?

தேடிய பொருளைப் பற்றி மட்டுமே ஆய்வுகூடம் பதில் சொல்லும். நூறு மருந்துகளைத் தேடி ஒன்றும் அகப்படாத மரக்கறிக்கும், ஐந்து மருந்துகளை மட்டும் தேடி ஒன்றும் அகப்படாத மரக்கறிக்கும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற ஒரே சொல்தான் எழுதப்படுகிறது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றல்ல. மரக்கறி தோட்டத்திலிருந்து கருவிக்குள் போகும்வரை என்ன நடக்கிறது, வெளியில் வரும் இலக்கத்தின் பொருள் என்ன என்பதைச் சாதாரண வாசகர் விளங்கிக்கொள்ளும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை எப்படி வகுக்கப்படுகிறது?

எச்சத்தை ஒரு கிலோ மரக்கறியில் எத்தனை மில்லிகிராம் என்ற அலகில் சொல்வார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் அதிகபட்ச எச்ச அளவு என்று ஓர் எல்லை உண்டு. உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் உருவாக்கிய கோடெக்ஸ் ஆணைக்குழு சர்வதேச மட்டத்தில் இந்த எல்லைகளை வகுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென வேறு எல்லைகளை வைத்திருக்கிறது. அங்கே தனியாக எல்லை குறிக்கப்படாத மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொது விதி. 10 தொன் மரக்கறி ஏற்றிய லொறியொன்றில் மொத்தமாக ஒரு கிராமின் பத்திலொரு பங்கு மருந்து இருந்தால் அதுவே 0.01. உப்புச் சிட்டிகையொன்றிலும் குறைவான அளவு அது.

இந்த எல்லையை நஞ்சுக்கும் நஞ்சின்மைக்கும் இடையிலான கோடு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது விவசாய முறையிலிருந்து வருகிறது. சிட்டையில் சொன்ன அளவில், சொன்ன தடவைகள் மருந்தடித்து, சொன்ன நாட்கள் காத்திருந்து அறுவடை செய்த பரீட்சார்த்தத் தோட்டங்களில் எவ்வளவு எச்சம் மிஞ்சியது என்று அளந்து அதிலிருந்து எல்லையை எடுக்கிறார்கள். அந்தளவு எச்சத்தோடு உண்பவரின் உடலுக்குள் போகக்கூடிய மொத்த அளவு பாதுகாப்பானதா என்பதை அதன்பின் தனியாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே எல்லையைத் தாண்டிய கத்தரிக்காயைச் சாப்பிட்டவர் நோயாளியாகிவிடுவார் என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் மருந்து சரியாகப் பாவிக்கப்படவில்லை என்பதற்கு அது வலுவான அடையாளம்.

உடலுக்குள் போகும் அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு மருந்தை ஆயுள் முழுவதும் நாளாந்தம் ஏற்கக்கூடிய அளவு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு அது நாளுக்கு 0.1 மில்லிகிராம். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் எச்சமுள்ள மரக்கறியில் 100 கிராமை அக்குழந்தை உண்டால் 0.05 மில்லிகிராம் உள்ளே போகிறது. அனுமதிக்கப்பட்டதில் பாதி ஒரே கறியில் முடிந்துவிடுகிறது. அதே 100 கிராமை உண்ணும் 50 கிலோ நிறையுள்ள பெரியவருக்கு அது பத்திலொரு பங்குதான். எச்சத்தைப் பற்றிய பேச்சில் பிள்ளைகளை முதலில் நினைக்கவேண்டிய காரணம் இது.

எல்லைகள் நிரந்தரமானவையும் அல்ல. குளோர்பைரிபொஸ் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பாவிக்கப்பட்ட மருந்து. பிள்ளைகளின் மூளை வளர்ச்சி தொடர்பான கவலைகளும் மரபணுப் பாதிப்புப் பற்றிய சந்தேகமும் எழுந்தபின், அதற்குப் பாதுகாப்பான அளவொன்றை வரையறுக்கமுடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2019இல் கூறியது. 2020இல் அங்கே அதன் அனுமதி முடிவுக்கு வந்தது.

மாதிரி எடுப்பதில் தொடங்கும் பிழை

கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பையில் வந்த மரக்கறியைத்தான் அது அளக்கும். ஒரே பாத்தியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளின் காய்களிலேயே எச்சம் பலமடங்கு வேறுபடும். தெளிகருவிக்கு அருகில் இருந்த காய், இலைக்குப் பின்னால் மறைந்திருந்த காய், வரம்போரத்தில் இரண்டுமுறை நனைந்த காய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதை.

கோடெக்ஸ் வழிகாட்டலின்படி தக்காளி, கறட் போன்ற நடுத்தர அளவு மரக்கறிகளில் குறைந்தது 10 காய்கள், மொத்தம் ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். கோவா போன்ற பெரியவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். அவற்றைத் தோட்டத்தின் பல இடங்களிலிருந்து எழுந்தமானமாக எடுக்கவேண்டும். மாதிரியைக் கழுவக்கூடாது. கிழங்கு வகைகளில் மண்ணை மட்டும் மெதுவாக அகற்றலாம். ஆய்வுகூடத்துக்குக் குளிராகவும் விரைவாகவும் அனுப்பவேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் பேருந்தில் ஒருநாள் கிடந்த கீரையில் சில மருந்துகள் ஆய்வுகூட வாசலை அடையுமுன்பே சிதைந்துவிடும்.

கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் பல அறிக்கைகளில் ‘மாதிரி வாடிக்கையாளரால் வழங்கப்பட்டது’ என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். விற்பவரே தெரிவுசெய்து கொண்டுவந்த காய்களைப் பற்றித்தான் அந்த அறிக்கை பேசுகிறது என்பதே அதன் பொருள். அந்த நாளுக்கும் அந்த ஒரு கிலோவுக்கும் மட்டுமே அது பொருந்தும். போன வருட அறிக்கை இன்று காலை வந்த பயிற்றங்காயைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆய்வுகூடத்துக்குள்

இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் முறைக்குக் ‘கெச்சர்ஸ்’ என்று பெயர். 2003இல் வெளியான இந்த முறை, அதற்கு முந்திய முறைகள் விழுங்கிய நேரத்தையும் கரைப்பானையும் பெருமளவில் குறைத்தது. மாதிரி முழுவதையும் சேர்த்து, முடிந்தால் உறைந்த நிலையில், மாவுபோல அரைப்பார்கள். அதில் 10 கிராமை ஒரு குழாயில் எடுத்து 10 மில்லிலீற்றர் அசெற்றோநைத்திரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குவார்கள். பிறகு மக்னீசியம் சல்பேற்றும் உப்பும் சேர்த்தால் மரக்கறியின் தண்ணீர் ஒரு படையாகவும் கரைப்பான் இன்னொரு படையாகவும் பிரியும். பெரும்பாலான மருந்துகள் கரைப்பானுக்குள் வந்துவிடும். வேகமாகச் சுழற்றி, மேற்படையை எடுத்து, அதிலுள்ள சீனி, அமிலம், நிறப்பொருள் ஆகியவற்றை இயன்றளவு அகற்றிவிட்டுக் கருவிக்குள் செலுத்துவார்கள்.

கருவி இரண்டு பகுதிகள் கொண்டது. முதற்பகுதியான நிறப்பகுப்புக் கருவி, கலவையிலுள்ள பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து அனுப்புகிறது. அடுத்த பகுதியான திணிவு நிறமாலைமானி, வந்த மூலக்கூறை உடைத்து அதன் துண்டுகளை எடைபோடுகிறது. ஒரு மருந்து வெளியே வரும் நேரமும், அது உடையும் இரண்டு துண்டுகளின் விகிதமும் தூய மருந்தின் விகிதத்தோடு பொருந்தினால்தான் ‘இருக்கிறது’ என்று எழுதலாம். எளிதில் ஆவியாகும் மருந்துகளுக்கு வாயு நிறப்பகுப்பும், ஏனையவற்றுக்குத் திரவ நிறப்பகுப்பும் தேவை. இரண்டில் ஒன்று மட்டுமுள்ள ஆய்வுகூடம் சில மருந்துகளைத் தவறவிடும்.

தன் அளவு சரியா என்பதை ஆய்வுகூடம் எப்படி அறிகிறது? மருந்து படாத மரக்கறியில் தெரிந்த அளவு மருந்தைத் தாமே கலந்து, வழமையான படிமுறைகளையெல்லாம் செய்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டலின்படி 70 முதல் 120 வீதம்வரை கிடைக்கவேண்டும். மிளகாய், கீரை போன்றவற்றின் நிறமும் எண்ணெயும் கருவியின் சமிக்ஞையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதனால் ஒப்பீட்டுக்கான கரைசல்களையும் அதே வகை மரக்கறியின் சாற்றிலேயே தயாரிக்கவேண்டும். இந்தச் சோதனைகளுக்கே எமது வேலைநாளின் பெரும்பகுதி செலவாகும். ஐஎஸ்ஓ 17025 தராதர அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இவற்றையெல்லாம் பதிவுசெய்து வைத்திருக்கவேண்டும். இலங்கையில் அந்த அங்கீகாரத்தை இலங்கை தராதர அங்கீகாரச் சபை வழங்குகிறது.

இவ்வளவு செய்தும் இலக்கத்தில் ஒரு தளம்பல் இருக்கும். ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் அதைப் பொதுவாக 50 வீதம் என்று எடுத்துக்கொள்கின்றன. எல்லை 0.01ஆக இருக்கும்போது ஒரு மாதிரியில் 0.018 வந்தால், பாதியைக் கழித்து 0.009 என்று பார்த்து, எல்லை மீறப்பட்டதாகச் சட்டப்படி முடிவெடுக்கமாட்டார்கள். ஒரு விவசாயியின் வாழ்வாதாரம் அந்த இலக்கத்தில் தங்கியிருப்பதால் சந்தேகத்தின் பலன் அவருக்கே போகிறது.

பட்டியலுக்கு வெளியே நிற்பவை

கெச்சர்ஸ் முறை ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான மருந்துகளைப் பிடிக்கும். ஆனாலும் எங்கள் தோட்டங்களில் அதிகம் பாவிக்கப்படும் சில மருந்துகள் அதற்குள் அகப்படா. பங்கசுநாசினியான மன்கோசெப் அவற்றில் முக்கியமானது. அது கரைப்பான்களில் கரையாது. மரக்கறியை அரைத்தாலே சிதைந்துவிடும். அதற்கெனத் தனியாக மாதிரியை அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் காபனிருசல்பைட்டை அளக்கவேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெங்காயம், லீக்ஸ், கோவா ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள கந்தகச் சேர்வைகளும் அதே வாயுவைத் தருவதால், மருந்தே படாத லீக்ஸும் மருந்து பட்டதுபோலத் தோன்றலாம். களைநாசினியான கிளைபோசேற்றுக்கும் வேறு பிரித்தெடுப்பு முறை தேவை. ‘300 மருந்துகளுக்குச் சோதிக்கப்பட்டது’ என்று பெருமையாக எழுதியிருக்கும் அறிக்கையிலும் இவை இரண்டும் இல்லாதிருக்கலாம்.

வடக்கில் வாழும் எமக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவிலிருந்து கடல்வழியாகக் கடத்திவரப்பட்ட பீடைகொல்லிகளைக் கடற்படை கைப்பற்றிய செய்திகளை மன்னார், கற்பிட்டிப் பக்கங்களிலிருந்து அடிக்கடி வாசிக்கிறோம். இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட மருந்துகளை மட்டும் தேடும் ஆய்வில் கடத்தல் மருந்து தப்பிவிடும்.

விரைவுச் சோதனைப் பெட்டிகளும் சந்தையில் உள்ளன. நரம்பு மண்டலத்தில் இயங்கும் கோலினெஸ்ரறேஸ் என்ற நொதியத்தை மருந்து தடுக்கிறதா என்பதை நிறமாற்றத்தால் காட்டுபவையே அவற்றுள் பரவலானவை. அரைமணி நேரமளவில், குறைந்த செலவில் முடிவு கிடைக்கும். சந்தை வாசலில் சந்தேகமான மூட்டையைப் பிரித்தெடுக்க இவை உதவும். ஆனால் அந்த நொதியத்தைத் தாக்கும் ஓர்கனோபொஸ்பேற், காபமேற் வகை மருந்துகளை மட்டுமே இவை அறியும். பைரத்ரொயிட், நியோநிக்கொட்டினொயிட் வகை மருந்துகளோ பங்கசுநாசினிகளோ எவ்வளவு இருந்தாலும் நிறம் மாறாது. இத்தகைய பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ‘நஞ்சற்றது’ என்று பலகை எழுதுவது நேர்மையாகாது.

பயிற்றங்காயும் பதினான்கு நாளும்

மருந்து நாளடைவில் வெயிலாலும் மழையாலும் செடியின் நொதியங்களாலும் குறைந்துகொண்டே போகும். காயும் பெருப்பதால் அதே மருந்து கூடிய நிறையில் பரவும். உதாரணமாக, மருந்தடித்த அன்று கிலோவுக்கு 4 மில்லிகிராம் எச்சம் இருந்து, மூன்று நாளுக்கொருமுறை பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் 2, ஆறாம் நாள் 1, ஒன்பதாம் நாள் 0.5. எல்லை 0.5 என்றால் ஒன்பதாம் நாளுக்கு முன்னர் ஆய்ந்த காய் எல்லையைத் தாண்டும். மருந்துப் போத்தலின் சிட்டையில் அறுவடைக்கு முன் காத்திருக்கவேண்டிய நாட்கள் என்று இருப்பது இப்படியான கணக்கின் முடிவு.

கறட்டையோ கோவாவையோ ஒருமுறைதான் அறுப்பார்கள். காத்திருப்பது அங்கே இயலும். பயிற்றங்காய், வெண்டி, கத்தரி, பாகல் ஆகியவற்றை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஆயவேண்டும். பதினான்கு நாள் காத்திருந்தால் பயிற்றை முற்றி நெத்தாகிவிடும், வெண்டி நாராகிவிடும். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவோ காத்திருக்காது. இரண்டு ஆய்தலுக்கு இடையில் மருந்தடிக்கும் விவசாயியைப் பேராசைக்காரர் என்று திட்டுவது சுலபம். புழு குத்திய ஒரு காயைக் கண்டால் கூடையையே தள்ளிவைப்பவர்கள் நுகர்வோராகிய நாங்கள்தான். கடனுக்கு மருந்து கொடுக்கும் கடைக்காரரே பல இடங்களில் விவசாயியின் ஆலோசகராகவும் இருக்கிறார். தொடர்ந்து ஆயும் பயிர்களுக்குக் குறுகிய காத்திருப்புக் காலமுள்ள மருந்துகள், இனக்கவர்ச்சிப் பொறிகள், பூச்சிவலைக் கூடாரங்கள் ஆகியவற்றை விவசாயப் போதனாசிரியர்கள் ஊடாகக் கொண்டுசேர்ப்பதே இதற்குரிய வழி. எச்ச ஆய்வுக்கான வளம் குறைவாக இருக்கும்போது முதலில் சோதிக்கவேண்டியவையும் இந்தப் பயிர்களே.

சட்டமும் சந்தையும்

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் பீடைகொல்லிகள் பதிவாளர் எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்று தீர்மானிக்கிறார். அதே ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ், விற்பனையிலுள்ள உணவின் மாதிரிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எடுக்கலாம்.

தடைகளில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. 1995இல் மொனோகுரோட்டபொஸும் மெதமிடபொஸும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011வரையான காலத்தில் பரகுவாட், டைமெதோயேற், பென்தியன் ஆகியவையும் விலக்கப்பட்டன. அந்தத் தடைகளின் பிரதான காரணம் நஞ்சருந்தித் தற்கொலை செய்தவர்களின் எண்ணிக்கை. தடைகளுக்குப் பிறகு அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. எச்ச அளவீடு அந்த முடிவுகளில் பெரும் பங்கு வகிக்கவில்லை. 2021 மே மாதம் இரசாயன உரங்களோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டபோதும், மரக்கறியில் உண்மையில் என்ன எச்சம் எவ்வளவு இருக்கிறது என்ற தரவு விவாதத்தின் மையத்தில் இருக்கவில்லை.

ஏற்றுமதியைப் பாருங்கள். எல்லையில் கூடுதலாகச் சோதிக்கவேண்டிய பொருட்களின் பட்டியலில் இலங்கையின் வல்லாரையையும், முக்குனுவென்ன என்று சிங்களத்தில் சொல்லும் பொன்னாங்காணியையும் ஐரோப்பிய ஒன்றியம் பீடைகொல்லி எச்சம் காரணமாகச் சேர்த்தது. பாரிஸிலுள்ள உறவினரின் சம்பலுக்குப் போகும் வல்லாரைக்கு ஒரு காவல் உண்டு. திருநெல்வேலிச் சந்தையில் எங்கள் அம்மாமார் வாங்கும் வல்லாரைக்கு அந்தளவு ஒழுங்கான சோதனை கிடையாது. மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கு உள்ளூரிலிருந்து வரும் மரக்கறிக்கும், தம்புள்ளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் லொறியில் வரும் மரக்கறிக்கும் இதே நிலைதான்.

வீட்டில் செய்யக்கூடியது

ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பிலுள்ள எச்சத்தில் ஒரு பகுதி போகும். கோவாவின் வெளியிலைகளை நீக்குவதும் தோலைச் சீவுவதும் அதைவிடக் கூடுதலாக உதவும். உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளுக்கு எல்லை உண்டு. இமிடாக்குளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடு காய்க்குள்ளேயே இருப்பதால் அவற்றை எந்தத் தண்ணீராலும் கழுவி எடுக்கமுடியாது. அதற்காக மரக்கறியைக் குறைக்கவேண்டியதில்லை. மரக்கறி உண்ணாமல் விடுவதால் வரும் கேடு நிச்சயமானது.

அறிக்கை கையில் கிடைத்தால்

அறிக்கையைக் காட்டுபவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். மாதிரியை எடுத்தவர் யார்? எந்தத் திகதியில், எந்தத் தோட்டத்தில் எடுத்தார்? எந்தெந்த மருந்துகள் தேடப்பட்டன, அவற்றில் மன்கோசெப் இருக்கிறதா? ஒவ்வொரு மருந்திலும் அளக்கக்கூடிய மிகக்குறைந்த அளவு எவ்வளவு? ஆய்வுகூடத்தின் தராதர அங்கீகாரம் இந்தச் சோதனை முறையை உள்ளடக்குகிறதா? நான்காவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. எல்லை 0.05ஆக இருக்கும்போது 0.5க்குக் கீழே அளக்கமுடியாத முறையில் சோதித்துவிட்டு ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதினால் அது பொய்யாகாது. பயனும் இல்லை.

நேர்மையாகப் பயிர்செய்பவருக்கு இக்கேள்விகளால் நட்டம் எதுவும் வராது. இப்போது பலகை எழுதியவரும் உண்மையிலேயே காத்திருந்து ஆய்ந்தவரும் ஒரே விலையில் விற்கிறார்கள். வித்தியாசத்தைக் காட்ட நம்பகமான அளவீடு வேண்டும். தனி விவசாயி ஒருவரால் அந்தச் செலவைத் தாங்கமுடியாது. பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மாதம் ஒருமுறை பிரதான சந்தைகளில் முறையாக மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். முடிவுகளை விவசாயியின் பெயரை வெளியிடாமல், பயிரின் பெயரோடும் மருந்தின் பெயரோடும் மூன்று மொழிகளிலும் பகிரங்கப்படுத்தலாம். எல்லை தாண்டிய தோட்டத்துக்கு முதலில் போகவேண்டியவர் விவசாயப் போதனாசிரியர். திரும்பத் திரும்பத் தாண்டினால் மட்டும் சட்டம் போகட்டும். அப்படியொரு தரவு இரண்டு மூன்று போகங்களுக்குத் தொடர்ந்து கிடைத்தால், எந்தப் பயிரில் எந்த மருந்து சிக்கல் என்பதை வடக்கு மாகாணம் ஊகமில்லாமல் பேசமுடியும்.